கைவேலையும் கற்பிக்கும் மனமும்

நம் சபையில் சாட்சி நேரத்தில் அடிக்கடி கேட்கிற நன்றிகள் சில உண்டு. மகனுக்குப் பெரிய கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மகளுக்குச் சம்பளம் உயர்ந்தது. வீட்டுக் கடனுக்கு வங்கி சம்மதித்தது. நாம் மனதாரக் கைதட்டி ஆண்டவரைத் துதிக்கிறோம். அதில் ஒரு குறையும் இல்லை. ஒரே சூட்கேசோடு ஹீத்ரோவில் வந்திறங்கிய பெற்றோருக்கு அந்த நன்றி எத்தனை வருட ஜெபத்தின் பலன் என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் இன்னொரு சாட்சியை நான் இதுவரை கேட்டதில்லை. "இந்த வருடம் நான் எழுதிய மென்பொருள் ஒன்றை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி கொடுத்துவிட்டேன். அதை எப்படி எழுதுவது என்று நாலு பிள்ளைகளுக்குக் கற்றும் கொடுத்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று எந்தத் தம்பியும் தங்கையும் எழுந்து சொன்னதில்லை. சொன்னால் நாம் கைதட்டுவோமா? அல்லது, "நல்ல பிள்ளைதான், ஆனால் பிழைக்கத் தெரியாத பிள்ளை" என்று வீட்டுக்குப் போகும் வழியில் காரில் பேசிக்கொள்வோமா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தான் எழுதியதைத் திறந்து கொடுப்பதும், தெரிந்ததைப் பிறருக்குக் கற்பிப்பதும் மென்பொருள் துறையில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு உண்மையான ஊழியம். வேலை போக மிஞ்சிய நேரத்துப் பொழுதுபோக்காக அதை எண்ணக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவுக்கும் ஞாயிறு பாடசாலைக்கும் நாம் கொடுக்கும் மதிப்பை இதற்கும் சபை கொடுக்கவேண்டும்.

திறந்த மூலம் என்றால் என்ன?

கம்ப்யூட்டர் பற்றி அதிகம் அறியாத பெற்றோருக்காக இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மென்பொருள் என்பது முதலில் மனிதர் எழுதும் எழுத்து. அதற்கு மூலநிரல் என்று பெயர். அநேக நிறுவனங்கள் அந்த எழுத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, ஓடும் வடிவத்தை மட்டும் நமக்கு விற்கின்றன. திறந்த மூல மென்பொருளில் அந்த எழுத்தே எல்லாருக்கும் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், திருத்தலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். இந்த உரிமைகளை ஓர் உரிமப் பத்திரம் சட்டப்படி காக்கிறது. 1983ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் இந்த வழியின் பெரிய மைல்கற்கள். உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான்.

இந்த வழியில் நடந்த ஒருவரைப் பற்றி நம் வாலிபர் அறியவேண்டும். அவர் பெயர் லாரி வால்.

போகமுடியாத மிஷனெரி

லாரி வால் 1954ல் அமெரிக்காவில் பிறந்தவர். சியாட்டில் பசிபிக் பல்கலைக்கழகம் என்ற கிறிஸ்தவக் கல்வி நிறுவனத்தில் படித்தார். முதலில் வேதியியலும் இசையும், பிறகு மருத்துவத்துக்கு முன்படிப்பு, இடையில் கல்லூரியின் கம்ப்யூட்டர் மையத்தில் வேலை என்று பாதை பலமுறை திரும்பியது. கடைசியில் இயற்கை மொழிகளையும் செயற்கை மொழிகளையும் சேர்த்து ஒரு பட்டமாக முடித்தார். "இன்னும் எதைப் படிப்பது என்று தீர்மானிக்கவில்லையா?" என்று வீட்டில் கேட்கப்படுகிற பிள்ளைகள் இந்தப் பகுதியை இரண்டாம் முறை வாசிக்கலாம்.

அதற்குப் பின் அவரும் அவர் மனைவி குளோரியாவும் பெர்க்லியில் மொழியியல் படித்தார்கள். எழுத்து வடிவம் இல்லாத ஒரு மொழியைக் கண்டுபிடித்து, அதற்கு எழுத்து அமைத்து, வேதாகமத்தையும் மற்ற நூல்களையும் அந்த மக்களின் மொழியில் கொடுக்கவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். உடல்நலக் காரணத்தால் அது நடக்கவில்லை. மிஷனெரியாகப் போகவேண்டியவர் மென்பொருள் வேலைக்குப் போனார்.

நம் குடும்பங்களில் இப்படி ஒரு கதவு அடைபட்டால் இரண்டு விதமாகப் பேசுவோம். ஒன்று, "தேவசித்தம் இல்லை" என்று அந்த ஆசையையே மூட்டை கட்டிவிடுவோம். அல்லது, "சரி, இனி சம்பாதித்து ஊழியத்துக்குப் பணம் அனுப்பு" என்போம். லாரி வாலின் வாழ்க்கையில் மூன்றாவது ஒன்றைப் பார்க்கிறேன். மொழிகளைப் பற்றிக் கற்றதையும் பிறருக்குக் கொடுக்கும் மனதையும் அவர் புதிய வேலைக்குள்ளேயே கொண்டுவந்தார்.

1985ல் அவர் பேட்ச் என்ற சிறு கருவியை வெளியிட்டார். அதுவரை ஒருவர் எழுதிய நிரலில் இன்னொருவர் ஒரு பிழையைத் திருத்தினால், அந்தத் திருத்தத்தைப் பிறரிடம் சேர்ப்பது சிரமம். மாறிய வரிகளை மட்டும் அனுப்பினால் போதும், அவற்றைச் சரியான இடத்தில் பேட்ச் பொருத்திவிடும். கேட்பதற்குச் சிறிய காரியம். ஆனால் முகம் அறியாதவர்கள், வேறுவேறு நாடுகளில் இருந்துகொண்டு, ஒருவர் வேலையை ஒருவர் திருத்தி உதவ அது வழி செய்தது. இன்றைக்கும் திருத்தத்துக்குப் பேட்ச் என்றே பெயர்.

1987 டிசம்பர் 18 அன்று அவர் பெர்ல் என்ற கணினி மொழியை வெளியிட்டார். அப்போது அவர் ஒரு நிறுவனத்தில் சம்பள வேலையில் இருந்தார். பல இடங்களில் சிதறிக் கிடந்த கோப்புகளிலிருந்து அறிக்கைகள் தயாரிக்கவேண்டியிருந்தது. கையிலிருந்த கருவிகள் போதவில்லை. ஆகவே தானே ஒரு மொழியைச் செய்தார். அதைப் பூட்டிவைக்காமல் இணையத்தில் எல்லாருக்கும் கொடுத்தார். முதலில் அவர் நினைத்த பெயர் முத்து என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். மத்தேயு 13ல் ஆண்டவர் சொன்ன விலையுயர்ந்த முத்தின் உவமையை அது நினைவுபடுத்துகிறது. அதே பெயரில் வேறொரு கணினி மொழி ஏற்கெனவே இருந்ததால் ஓர் எழுத்தை எடுத்துவிட்டார். தனக்குள்ளதையெல்லாம் விற்று ஒரு முத்தை வாங்கியவனின் உவமை அது. இவரோ தன் முத்தை விலையில்லாமல் கொடுத்தார்.

பெர்ல் எங்கெல்லாம் போனது? தொண்ணூறுகளில் ஏராளமான இணையதளங்கள் அதைக்கொண்டுதான் இயங்கின. என் துறைக்கு அருகிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். மனித மரபணுத் தொகுப்பை வாசிக்கும் பெரிய திட்டம் நடந்தபோது, ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் தன் தரவை ஒவ்வொரு வடிவத்தில் வைத்திருந்தது. ஒன்றின் தரவை மற்றொன்றின் மென்பொருளால் வாசிக்க முடியவில்லை. அவற்றை இணைக்கும் பசையாகப் பெர்ல் உதவியது என்று அந்தத் திட்டத்தில் இருந்த லிங்கன் ஸ்டைன் 1996ல் ஒரு கட்டுரையே எழுதினார். எழுத்தில்லாத மொழிக்கு எழுத்து கொடுக்கப் போக முடியாதவர், ஒன்றோடொன்று பேசமுடியாத கணினிகளுக்குப் பேச்சு கொடுத்தார்.

ஆசிரியர் ஆனது எப்படி?

லாரி வால் பள்ளிக்கூட ஆசிரியர் அல்ல. ஆனாலும் அவரை நான் ஆசிரியர் என்றே சொல்வேன். 1991ல் ராண்டல் ஷ்வார்ட்ஸுடன் சேர்ந்து பெர்ல் மொழிக்கு ஒரு புத்தகம் எழுதினார். அட்டையில் ஒட்டகப் படம் இருந்ததால் உலகமெங்கும் அது ஒட்டகப் புத்தகம் என்றே அறியப்பட்டது. ஒரு தலைமுறை அதைப் படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தது.

அவர் கற்பிக்கும் முறையில் எனக்குப் பிடித்தது ஒன்று. குழந்தை மழலையில் பேசும்போது இலக்கணப் பிழைக்காக யாரும் அதை அடிப்பதில்லை. அந்த மழலையைக்கொண்டே அது தண்ணீர் கேட்கிறது, அம்மாவைக் கூப்பிடுகிறது. அதுபோல ஒரு கணினி மொழியில் கொஞ்சம் மட்டும் தெரிந்தவர் அந்தக் கொஞ்சத்தைக்கொண்டே பயனுள்ள வேலை செய்யலாம், வெட்கப்படத் தேவையில்லை என்பது அவர் கொள்கை. ஒரே காரியத்தைச் செய்யப் பல வழிகள் உண்டு, ஒருவரின் வழி இன்னொருவருக்குப் பாடமாக இருக்கலாம், சட்டமாக இருக்கக்கூடாது என்பதும் அவர் மொழியின் அடிப்படை. மொழியியல் படித்தவரின் பொறுமை இது. தமிழ்ப் பள்ளியில் ளகர லகரம் மாறிப் பேசும் நம் பிள்ளைகளிடம் நாமும் இந்தப் பொறுமையைக் காட்டினால் நல்லது.

பலன் என்ன தெரியுமா? கற்றவர்கள் கொடுப்பவர்களானார்கள். 1995ல் சிபேன் என்ற பொதுக் களஞ்சியம் தொடங்கியது. பெர்ல் பயன்படுத்துவோர் தாங்கள் எழுதிய துணை நிரல்களை அதில் மற்றவர்களுக்காக வைத்தார்கள். ஒருவர் கொடுத்தது ஆயிரமாகப் பெருகியது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை தன் விருதை 1998ல் முதன்முதலாக ஒருவருக்குக் கொடுத்தபோது, அதைப் பெற்றவர் லாரி வால்.

இதே வழியில் இன்னொருவர், டொனால்ட் கனூத். லுத்தரன் சபையைச் சேர்ந்தவர், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர். 1977ல் தன் புத்தகத்தின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படியின் எழுத்துகள் அழகில்லாமல் இருந்ததைப் பார்த்து, அச்சுக்கோக்கும் மென்பொருள் ஒன்றைத் தானே எழுத ஆரம்பித்தார். சில மாதத்தில் முடியும் என்று நினைத்தது பத்து வருடத்துக்கும் மேல் இழுத்தது. டெக் என்ற அந்த மென்பொருளை அவர் விலையின்றிக் கொடுத்தார். உலகத்தின் கணித, அறிவியல் நூல்களில் ஏராளமானவை இன்றும் அதன் வழியாகவே அச்சாகின்றன. தன் புத்தகத்தில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2 டாலர் 56 சென்ட் காசோலை அனுப்பும் வழக்கமும் 2008வரை அவருக்கு இருந்தது. தன் தவறைக் காட்டுகிற மாணவனுக்குக் காசு கொடுக்கும் ஆசிரியர்! அதை வாங்கியவர்கள் பலர் வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டிவைத்தார்கள். அவரே தன் சபையில், வேதாகமத்தின் ஒவ்வொரு புத்தகத்திலும் 3ஆம் அதிகாரம் 16ஆம் வசனத்தை எடுத்துப் படிக்கும் வேதபாட வகுப்பும் நடத்தினார். பின்னாளில் அது ஒரு புத்தகமாக வந்தது.

பெசலெயேலுக்குக் கொடுக்கப்பட்ட இரண்டு வரங்கள்

இந்த இருவரையும் பற்றி வாசிக்கும்போது எனக்கு யாத்திராகமம் 35ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்யப் பெசலெயேலைக் கர்த்தர் பேர்சொல்லி அழைக்கிறார். பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் மரத்திலும் வேலை செய்யும் ஞானத்தைக் கொடுக்கிறார். ஞாயிறு பாடசாலையில் நாம் இத்தோடு நிறுத்திவிடுவோம். 34ஆம் வசனத்தையும் பாருங்கள். பெசலெயேலின் இருதயத்திலும் அகோலியாபின் இருதயத்திலும் மற்றவர்களுக்குக் கற்பிக்கும் வரத்தையும் கர்த்தர் அருளினார் என்று மோசே சொல்கிறார்.

கைத்திறமை ஒரு வரம், கற்பிக்கும் மனம் இன்னொரு வரம். இரண்டும் ஒரே ஆவியானவரிடமிருந்து வந்தவை. அவர் திறமையை மட்டும் கொடுத்திருந்தால் கூடாரம் இரண்டு பேரின் வேலையாக இருந்திருக்கும். கற்பித்ததால் அது ஒரு ஜனத்தின் வேலையாயிற்று. நம் பிள்ளைகளின் முதல் வரத்துக்காக நாம் கட்டணம் கட்டுகிறோம், டியூஷன் வைக்கிறோம், உபவாசமிருந்து ஜெபிக்கிறோம். இரண்டாவது வரத்துக்காக எத்தனை வீட்டில் ஜெபம் நடக்கிறது?

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. 1847ல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவ மிஷனெரி டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், தான் மட்டும் வைத்தியம் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். மானிப்பாயில் அவர் நம் வாலிபருக்கு மேல்நாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். ஆங்கிலம் என்ற பூட்டு இடையில் இருந்ததைக் கண்டு, தமிழைக் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே பாடம் நடத்தினார். அவரிடம் படித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் வைத்தியர்களானார்கள். அறிவைப் பூட்டாமல் கொடுத்தவர்களின் கைகளால் வளர்ந்த ஜனம் நாம்.

எழுத்துக்கும் அதே கதைதான். லாவோ மொழியைத் தட்டச்சு செய்வதற்காகத் தொண்ணூறுகளில் உருவான கீமேன் என்ற கருவியைக்கொண்டே, எ-கலப்பையின் ஆரம்பப் பதிப்புகள் நமக்குத் தமிழில் தட்டச்சு செய்ய வழிசெய்தன. வேதாகம மொழிபெயர்ப்போடு தொடர்புள்ள எஸ்ஐஎல் என்ற மொழியியல் நிறுவனம் 2015ல் அந்தக் கீமேனைத் தன் பொறுப்பில் எடுத்து, பிறகு திறந்த மூலமாக எல்லாருக்கும் இலவசமாக்கியது.

வார்டில் நான் காண்பது

நான் நர்ஸ். எங்கள் வேலையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வயதானவரின் கையில் நரம்பைக் கண்டுபிடிக்கும் உபாயத்தையோ, படுக்கைப்புண் வராமல் ஒருவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் விதத்தையோ "இது என் சொத்து" என்று யாரும் மறைத்து வைப்பதில்லை. பயிற்சிக்கு வருகிற மாணவிக்கு ஒருமுறை செய்து காட்டுவோம், பிறகு பக்கத்தில் நின்று செய்யச் சொல்வோம், அடுத்த வருடம் அவள் இன்னொருவருக்குக் காட்டுவாள். பிரிட்டனில் நர்ஸ்களுக்கான தொழில் நெறிமுறையிலேயே, அறிவையும் அனுபவத்தையும் பகிரவேண்டும், மாணவர் கற்க உதவவேண்டும் என்று கடமையாக எழுதியிருக்கிறது. மென்பொருள் எழுதுகிற உங்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆகவே நீங்கள் செய்தால் அது முழுவதும் மனமுவந்த காணிக்கையாக இருக்கும்.

இந்தக் காணிக்கை நோயாளியின் கட்டில்வரை வந்து சேரும். 2004ல் கென்யாவின் எல்டோரெட் நகரத்தில் எச்ஐவி நோயாளிகளின் எண்ணிக்கை பெருகியபோது, பதிவேடுகளைப் பழைய முறையில் சமாளிக்க முடியவில்லை. இண்டியானாபோலிஸிலிருந்து சென்ற பால் பயோண்டிச், பர்க் மாம்லின் என்ற இரு மருத்துவர்கள் அதற்காகத் தொடங்கியதே ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற திறந்த மூல மருத்துவப் பதிவேடு. அது ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கும் அதற்கு அப்பாலும் பரவியது. அதன்மேல் கட்டப்பட்ட பாம்னி என்ற மென்பொருள் சத்தீஸ்கரில் கனியாரி கிராமத்து மருத்துவமனையில்தான் முதலில் வேரூன்றியது. பெரிய நிறுவனத்தின் மென்பொருளை வாங்கப் பணமில்லாத மருத்துவமனைகள் இவை. எங்கோ ஒருவர் மாலை நேரத்தில் எழுதிக் கொடுத்த நிரல், முகம் அறியாத ஒரு தாயின் மாத்திரை அளவைச் சரியாகக் காட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த உதவியைச் சமாரியன் செய்த உதவியோடு சேர்த்து எண்ணுவதில் எனக்குத் தயக்கமில்லை.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லவேண்டும். திறக்கவேண்டியது நிரலை; நோயாளியின் விவரத்தை அல்ல. பிறருடைய இரகசியத்தைத் திறப்பது தாராள குணமல்ல, துரோகம். நிறுவனத்துக்காக எழுதியதும் அப்படியே. வேலை ஒப்பந்தத்தில், வீட்டில் இருந்து எழுதுவதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று சில இடங்களில் இருக்கும். வாசித்துப் பாருங்கள், அனுமதி கேளுங்கள். பிறர் பொருளைக் கொடுத்து வள்ளலாக முடியாது.

"அப்படியானால் சாப்பாட்டுக்கு என்ன வழி?"

பெற்றோர் கேட்கும் இந்தக் கேள்வி நியாயமானது. லாரி வால் சம்பள வேலையில் இருந்துகொண்டேதான் பெர்லை எழுதினார். பின்னர் அவர் புத்தகத்தை வெளியிட்ட ஓரைலி நிறுவனமே அவருக்குச் சம்பளம் கொடுத்து அந்த வேலையைத் தொடரச் செய்தது. பவுல் கூடாரம் செய்து தன் செலவைப் பார்த்துக்கொண்டே போதித்தார். எல்லாரும் வேலையை விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் பிறருக்காக எழுதலாம், கற்பிக்கலாம். திறந்த மூலத்தில் உழைத்தவர்களின் வேலை எல்லார் கண்ணுக்கும் தெரிவதால், அதைப் பார்த்து வேலைக்கு அழைக்கிற நிறுவனங்களும் இருக்கின்றன. ஆனால் அதையே நோக்கமாகக் காட்டி உங்களை இழுக்க எனக்கு விருப்பமில்லை.

இன்னொரு எச்சரிக்கை, சபைக்கு. கொடுப்பவர் களைத்துப்போவார். 2014 ஏப்ரலில் ஹார்ட்ப்ளீட் என்ற பெரிய பாதுகாப்புக் குறை வெளிவந்தது. இணையத்தின் இரகசியங்களைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் அது இருந்தது. உலகப் பெரும் நிறுவனங்களெல்லாம் அதை நம்பியிருந்தன. அதைப் பராமரித்தவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், கையில் சொற்ப நன்கொடை. 2024ல் இன்னும் மோசமான ஒன்று நடந்தது. எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளைப் பல வருடமாக ஏறக்குறைய ஒருவரே பராமரித்து, சோர்ந்துபோயிருந்தார். உதவி செய்வதாக வந்த ஒருவர் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, அதற்குள் இரகசிய வாசல் ஒன்றை வைத்துவிட்டார். வேறொரு பொறியாளர், தன் கணினியில் உள்நுழைய அரை விநாடி அதிகம் ஆகிறதே என்று துருவிப் பார்த்ததால் அது பிடிபட்டது.

மோசே காலைமுதல் மாலைவரை தனியாக உட்கார்ந்து நியாயம் தீர்ப்பதைப் பார்த்த எத்திரோ, இது உனக்கு நல்லதல்ல என்று சொன்னதை நினைத்துப்பாருங்கள். சபையிலும் இதே நிலைதான். ஒலிபெருக்கியும் புரொஜெக்டரும் நேரலையும் ஒரே தம்பியின் தலையில். அவன் ஒரு ஞாயிறு வராவிட்டால்தான் அவன் பெயர் நமக்கு நினைவு வருகிறது. எழுதுபவர் கற்பிக்கவும் வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். கற்பித்தால் சுமை பகிரப்படும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, நம் கைகள் சுத்தமாயிருக்கட்டும். விலைகொடுத்து வாங்கவேண்டிய மென்பொருளைத் திருட்டுப் பிரதியாக வைத்துக்கொண்டு, அதிலேயே ஆராதனைப் பாடல்களைத் திரையிடும் சபைகள் உண்டு. களவு செய்யாதிருக்கும் கட்டளை கம்ப்யூட்டருக்கும் பொருந்தும். பணமில்லை என்ற சாக்கும் இல்லை. பாடல்களையும் வசனங்களையும் திரையிட ஓப்பன்எல்பி இருக்கிறது. கடிதங்களுக்கும் கணக்குக்கும் லிப்ரேஆபீஸ் இருக்கிறது. இரண்டும் திறந்த மூலம், இரண்டும் இலவசம். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை அவற்றை எழுதுபவர்களுக்கு வருடம் ஒருமுறை காணிக்கையாக அனுப்பினால் அதுவும் நியாயம்.

இரண்டாவது, சபை மண்டபத்தைச் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் திறந்துவிடலாம். பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்பிக்கும் கோட் கிளப் என்ற இயக்கம் 2012ல் இதே நாட்டில்தான் தொடங்கியது. இப்போது ராஸ்பெர்ரி பை அறக்கட்டளையின் கீழ் நடக்கிறது. பாடங்கள் எல்லாம் இலவசம். நமக்குத் தேவை இரண்டு மூன்று வாலிபர், சில பழைய மடிக்கணினிகள், தேநீர் போட ஓர் ஆன்டி. பழைய மடிக்கணினி மெதுவாக ஓடுகிறதா? லினக்ஸ் போட்டுப் பாருங்கள். பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கு டிபிஎஸ் சான்றும், எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கும் ஒழுங்கும் கட்டாயம் வேண்டும். புதிதாக வந்த குடும்பங்களின் பிள்ளைகளையும், சபைக்கு வராத அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் அழையுங்கள்.

மூன்றாவது, பெரியவர்களையும் மறக்கவேண்டாம். டாக்டரிடம் நேரம் வாங்குவதுகூட இப்போது போன் செயலியில்தான். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு, தன் மருந்துச் சீட்டைத் தானே புதுப்பிக்கக் கற்றுக்கொடுப்பது சிறு வேலையல்ல. அவருக்காக நீங்கள் செய்துகொடுத்தால் ஒருநாள் உதவி. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரலாலேயே தொடச் செய்து, மறந்தால் கோபிக்காமல் மறுபடி காட்டினால், அவர் அடுத்த தெருவிலிருக்கும் தன் சிநேகிதிக்கும் சொல்லிக்கொடுப்பார்.

நான்காவது, பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். மகன் இரவு உட்கார்ந்து காசு வராத ஒன்றை எழுதிக்கொண்டிருந்தால், "இதில் என்ன கிடைக்கும்?" என்று முதலில் கேட்காதீர்கள். "இது யாருக்கு உதவும்?" என்று கேளுங்கள். அவனுக்கே பதில் தெரியாவிட்டால், அந்தக் கேள்வி அவனுக்கு நல்லது செய்யும்.

தம்பி, தங்கையரே, உங்களுக்குக் கிடைத்த படிப்பில் விலை கொடுத்து வாங்கியது எவ்வளவு, விலையில்லாமல் பெற்றது எவ்வளவு என்று ஒருநாள் எண்ணிப்பாருங்கள். நீங்கள் கற்ற கணினி மொழிகளில் பெரும்பாலானவை யாரோ திறந்து கொடுத்தவை. பிழை வந்து திகைத்து நின்ற இரவில் பதில் எழுதியவர் உங்கள் பெயரும் அறியாதவர். விலையில்லாமல் பெற்றதை விலை கேட்காமல் கொடுக்கும்படி மத்தேயு 10ல் ஆண்டவர் தம் சீஷருக்குச் சொன்னார். அந்தக் கட்டளைக்கு உங்கள் துறையைப்போல் நேராகப் பொருந்தும் துறை வேறு அதிகம் இல்லை.

அப்போஸ்தலர் 18ல் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் வருகிறார்கள். தங்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, வேற்று நாட்டில் கைத்தொழில் செய்து பிழைத்த தம்பதிகள், நம் பெற்றோரைப்போல. அவர்கள் எத்தனை கூடாரம் தைத்தார்கள், எவ்வளவு சம்பாதித்தார்கள் என்று வேதாகமத்தில் ஒரு வரிகூட இல்லை. அப்பொல்லோ என்பவனைச் சேர்த்துக்கொண்டு, அவனுக்குத் தெரியாததைத் திட்டமாய் விளங்கப்பண்ணினார்கள் என்பதுதான் எழுதப்பட்டிருக்கிறது.